கொள்கலனின் கதை: கப்பல் துறையிலிருந்து கணிப்பொறிக்கு

“என் கணிப்பொறியில் சரியாக ஓடுகிறதே, சார்!”

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மாணவர் என்னிடம் சொன்ன சொற்கள் இவை. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மடிக்கணிப்பொறியில் அந்த நிரல் சரியாகத்தான் ஓடியது. எங்கள் துறையின் கணிப்பொறியில்தான் ஓட மறுத்தது.

நடந்தது இதுதான். தெர்மிஸ்டர் என்னும் குறைகடத்திக் கருவியின் மின்தடை, வெப்பநிலை ஏற ஏறக் குறையும். 25 டிகிரி செல்சியசில் 10,000 ஓம் காட்டும் ஒரு தெர்மிஸ்டர், 50 டிகிரியில் ஏறத்தாழ 3,600 ஓம் காட்டும். இம்மாற்றம் நேர்கோடாக இராது, வளைகோடாக இருக்கும். வழக்கமாக நாம் மடக்கை எடுத்து, வரைபடம் வரைந்து, இதற்கு ஒரு சமன்பாடு காண்போம். அந்த மாணவர் வேறு வழியில் சென்றார். ஆய்வகக் குறிப்பேடுகளில் இருந்த நூற்றுக்கணக்கான அளவீடுகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்தார். மின்தடையைச் சொன்னால் வெப்பநிலையைத் தானே கணித்துச் சொல்லும்படி அதனைப் பழக்கினார். இம்முறைக்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். பழகி முடித்தபின் கணிப்பொறி சேமித்து வைக்கும் எண்களின் தொகுப்பை ‘மாதிரி’ என்பர்.

மாதிரியை ஒரு கோப்பாக்கி எங்கள் துறைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தார். அங்கே பைத்தான் மொழியின் பதிப்பு வேறு. ‘சைக்கிட்-லேர்ன்’ என்னும் நிரல்தொகுப்பின் பதிப்பும் வேறு. கோப்பு திறக்கவில்லை. புதிய பதிப்பை ஏற்றினோம். உடனே வேறொரு வகுப்பினர் பயன்படுத்தி வந்த பழைய நிரல் நின்றுபோயிற்று. ஒன்றைச் சரிசெய்யப்போய் மற்றொன்றைக் கெடுத்தோம்.

ஒரு பொருளை ஓரிடத்தில் செய்து, வேறோரிடத்தில் பயன்படுத்த வேண்டியிருக்கும் போதெல்லாம் எழும் சங்கடம் இது. கணிப்பொறியாளர்களுக்கு வெகு காலம் முன்பே இதனைச் சந்தித்தவர்கள் கப்பல் துறையினர். அவர்கள் கண்ட தீர்வையும், அதன் பெயரையும் கணிப்பொறியாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டனர். அதுதான் ‘கண்டெய்னர்’ எனப்படும் கொள்கலன். துறைமுகச் சாலைகளில் நீண்ட லாரிகளின் முதுகில் செல்லும் இரும்புப் பெட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள் அல்லவா? நமது கதை அங்கேதான் தொடங்குகிறது.

லாரிக்காரர் கண்ட வழி

1950-களின் தொடக்கம் வரை உலகெங்கும் கப்பலில் சரக்கேற்றும் முறை ஏறத்தாழ ஒன்றே. மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, பஞ்சுப் பொதி என ஒவ்வொன்றையும் மனிதர் தூக்கிவந்து, கப்பலின் வயிற்றுக்குள் இடம் பார்த்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு வகைக் கையாளல். கப்பல் கடலில் ஓடும் நாள்களுக்கு இணையாகத் துறைமுகத்தில் காத்துக்கிடந்த நாள்களும் இருந்தன.

அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த மால்கம் மெக்லீன் கப்பல்காரர் அல்லர். லாரி நிறுவனம் நடத்தியவர். லாரியில் இருக்கும் சரக்கை ஒவ்வொன்றாக இறக்கிக் கப்பலில் ஏற்றுவதைவிட, லாரியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், மாற்றியமைக்கப்பட்ட ‘ஐடியல் எக்ஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூ ஜெர்சியின் நூவர்க் துறைமுகத்திலிருந்து டெக்சாசின் ஹூஸ்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் செலவாயிற்று. ஐடியல் எக்சில் அது 15.8 செண்ட் என்று மெக்லீனின் ஆட்கள் கணக்கிட்டனர். ஏறத்தாழ முப்பத்தேழில் ஒரு பங்கு!

ஆனால் பெட்டி மட்டும் போதவில்லை. பாரந்தூக்கியின் கொக்கி பெட்டியைப் பற்ற வேண்டும். ஒரு பெட்டிமேல் மற்றொன்று சரியாமல் நிற்க வேண்டும். இதற்கென்று கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் பெட்டியின் மூலைகளுக்கு வலுவான வார்ப்பு எஃகுப் பிடிகளையும், அவற்றில் செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும் தாழ்களையும் வடிவமைத்தார். பாரந்தூக்கிக்கு அந்த நான்கு மூலைகளே போதும். உள்ளே இருப்பது அரிசியா, ஆப்பிளா, தையல் இயந்திரமா என்பது அதற்குத் தேவையில்லாத செய்தி.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவு வைத்திருந்தது. மெக்லீனின் சீ-லேண்ட் நிறுவனம் 35 அடிப் பெட்டிகளையும், பசிபிக் கடலில் கப்பல் விட்ட மாட்சன் நிறுவனம் 24 அடிப் பெட்டிகளையும் பயன்படுத்தின. ஒருவர் பெட்டி மற்றவர் கப்பலில் பொருந்தாது. நீண்ட விவாதங்களுக்குப் பின் 1968-ல் பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. பொது அளவுகளை வெளியிட்டது. அகலம் 8 அடி; நீளம் 10, 20, 30, 40 அடி. டான்ட்லிங்கரின் மூலைப் பிடிக்கான காப்புரிமையை மெக்லீன் பிறருக்குத் திறந்துவிட்டதும் பொதுத் தரம் உருவாக உதவியது.

பெட்டிக்கு உள்ளே முழுச் சுதந்திரம்; வெளியே அனைவரும் ஏற்ற ஓர் ஒப்பந்தம். கொள்கலனின் வெற்றிக்குக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததே. வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இனி வரும் கதை முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

யூனிக்சில் ஒரு வேலி

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். ஒரே கணிப்பொறியில் பல நிரல்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓட வேண்டும். இதற்கு ஐ.பி.எம். நிறுவனம் 1960-களில் ஒரு வழி கண்டது. ஒரு பெரிய கணிப்பொறியே பல சிறிய கணிப்பொறிகளாகத் தோற்றம் காட்டும் ஏற்பாடு அது. 1972-ல் அந்நிறுவனம் வெளியிட்ட வி.எம்/370 அவ்வகையைச் சேர்ந்தது. 1999-ல் வி.எம்.வேர் நிறுவனம் இதே வித்தையைச் சாதாரண மேசைக் கணிப்பொறிக்கும் கொண்டுவந்தது. இதனை மெய்நிகர் கணிப்பொறி என்பர்.

இது வலுவான வழி. ஆனால் ஒவ்வொரு மெய்நிகர் கணிப்பொறிக்குள்ளும் ஒரு முழு இயங்குதளம் ஓட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை தேவைப்படும்போது, தனி வீடே கட்டிக் கொடுப்பது போன்றது இது. ஒரே வீட்டில் தடுப்புச் சுவர் எழுப்பினால் போதாதா?

அத்தகைய முதல் தடுப்பு 1979-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் தோன்றியது. அதன் பெயர் ‘சிரூட்’. யூனிக்சில் கோப்புகள் யாவும் வேர் என்னும் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து மரம்போல் கிளைக்கும். ஒரு நிரலிடம் இந்தக் கிளையே உனக்கு வேர் என்று சொல்லிவிடுவது சிரூட்டின் வேலை. அதற்கப்பால் உள்ள கோப்புகள் அந்நிரலின் கண்ணுக்குத் தெரியா. ஆனால் இது வேலிதான், சுவர் அன்று. நினைவகத்தை ஒரு நிரலே விழுங்கிவிட்டால் இது தடுக்காது. முழு அதிகாரம் பெற்ற நிரல் இவ்வேலியைத் தாண்டியும் போகலாம்.

2000-ஆம் ஆண்டில் வெளியான ஃப்ரீ-பி.எஸ்.டி. நான்காம் பதிப்பு வேலியை உயர்த்தியது. பவுல்-ஹென்னிங் காம்ப் உருவாக்கிய இந்த ஏற்பாட்டுக்குச் ‘சிறை’ என்றே பெயர். உள்ளே இருக்கும் நிரலுக்குப் பிற நிரல்கள் தெரியா. அதற்கெனத் தனி வலை முகவரியும் உண்டு.

லினக்சில் இப்பணி இரண்டு கிளைகளாக வளர்ந்தது. ஒன்று, நிரலின் பார்வையை வரையறுப்பது. 2002-ல் கோப்புகளுக்காகத் தொடங்கிய இவ்வேற்பாடு, பிறகு நிரல்களின் பட்டியல், வலை இணைப்பு என ஒவ்வொன்றாக விரிந்தது. மற்றொன்று, நிரலின் பசியை வரையறுப்பது. இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி நேரம், அதற்கு மேல் இல்லை என்று பங்கீடு செய்யும் ஏற்பாடு அது. 2006-ல் கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் இதனைத் தொடங்கினர். 2008 ஜனவரியில் இது லினக்சின் கருப்பகுதியான கெர்னலில் சேர்ந்தது. முதலில் இதற்குக் கொள்கலன் என்ற சொல்லையே வைத்தனர். அச்சொல்லுக்கு ஏற்கனவே பல பொருள்கள் இருந்ததால் ‘கண்ட்ரோல் குரூப்’ எனப் பெயர் மாற்றினர்.

ஆக, 2008-லேயே பெட்டிக்குத் தேவையான பலகைகள் யாவும் தயார். ஆனால் அவற்றைப் பொருத்திப் பெட்டி செய்யத் தேர்ந்த தச்சர் வேண்டியிருந்தது. சாதாரண நிரலாளர் கைக்கு அது எட்டவில்லை.

டாக்கர் வந்தது

2013 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மொழியினர் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்ற இளைஞர் ஐந்து நிமிடப் பேச்சு ஒன்று நிகழ்த்தினார். அவருடைய டாட்கிளவுட் நிறுவனம் உருவாக்கியிருந்த கருவியை அங்கே காட்டினார். அதன் பெயர் டாக்கர். சில நாள்களில் அதன் மூல நிரல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

டாக்கர் புதிய சுவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. லினக்சில் ஏற்கனவே இருந்தவற்றையே பயன்படுத்தியது. அது செய்த புதுமை, பெட்டியைச் செய்வதையும் அனுப்புவதையும் எளிதாக்கியதே. ஒரு நிரல் ஓடுவதற்குத் தேவையான மொழிப் பதிப்பு, நிரல்தொகுப்புகள், அமைப்புக் கோப்புகள் யாவும் சேர்ந்த உறைநிலைப் படிவம் ஒன்றை அது உருவாக்கும். அப்படிவம் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். பத்து பெட்டிகளுக்கு அடித்தளம் ஒன்றேயானால், அந்த அடுக்கை ஒருமுறை சேமித்தால் போதும். மேலே மாறும் அடுக்கை மட்டும் அனுப்பலாம்.

கடல் கடந்த கதை இங்கேயும் திரும்ப நடந்தது. 2014 டிசம்பரில் கோர்-ஓ.எஸ். நிறுவனம் ‘ராக்கெட்’ என்ற போட்டிக் கருவியை அறிவித்தது. 35 அடிப் பெட்டியும் 24 அடிப் பெட்டியும் எதிரெதிரே நின்ற நிலை மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. ஆனால் இம்முறை உடன்பாடு விரைவில் ஏற்பட்டது. 2015 ஜூனில் நிறுவனங்கள் பல சேர்ந்து திறந்த கொள்கலன் அமைப்பு ஒன்றை நிறுவின. 2017 ஜூலையில் அதன் முதல் தரவரையறை வெளியாயிற்று. கப்பல் பெட்டிக்கு 12 ஆண்டுகள் பிடித்த ஒப்பந்தம், கணிப்பொறிப் பெட்டிக்கு நான்கே ஆண்டுகளில் கைகூடியது எனலாம்.

பெட்டிகள் பெருகினால் அவற்றை அடுக்கி நடத்த ஒரு மாலுமி வேண்டுமல்லவா? கூகுள் நிறுவனம் தன் கூடங்களில் வாரந்தோறும் 200 கோடிக்கு மேற்பட்ட கொள்கலன்களைத் தொடங்குவதாக 2014-ல் தெரிவித்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 2014 ஜூனில் அது வெளியிட்ட குபர்நெட்டிஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். எந்தக் கணிப்பொறியில் இடமிருக்கிறது என்று பார்த்துப் பெட்டியை வைப்பதும், நின்றுபோன பெட்டிக்குப் பதில் புதியதைத் தொடங்குவதும் அதன் பணி.

மேகத்தில் ஒரு கணிப்புக் கூடம்

இதே ஆண்டுகளில் இயந்திரக் கற்றலும் வேகமாக வளர்ந்தது. 2012-ல் படங்களை இனங்காணும் போட்டியொன்றில் நரம்பு வலைப்பின்னல் முறை பெருவெற்றி பெற்றது. 2015 நவம்பரில் கூகுள் தனது டென்சர்ஃப்ளோவைத் திறந்துவிட்டது. 2017 ஜனவரியில் பைடார்ச் வந்தது. மாதிரிகளைப் பழக்குவோர் பெருகினர். ஆனால் பழக்கிய மாதிரியை என்ன செய்வது?

ஆய்வகத்தில் ஒருமுறை ஓடினால் போதாது. மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் வரும்போதெல்லாம், வங்கியில் பணம் மாறும்போதெல்லாம், கேட்ட மாத்திரத்தில் விடை வர வேண்டும். இதற்கென ஒரு கணிப்பொறி இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். இப்படி மாதிரியைப் பணிக்கு அமர்த்துவதைக் கணிப்புச் சேவை என்கிறோம். 2015-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, நடைமுறையில் உள்ள இயந்திரக் கற்றல் அமைப்புகளில் கற்றலுக்கான நிரல் மிகச் சிறிய பகுதியே என்றும், அதனைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளே மிகப் பெரியவை என்றும் சுட்டிக்காட்டியது.

விழித்திருக்கும் கணிப்பொறியைச் சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுக்கலாம். அமேசான் நிறுவனம் 2006-ல் இவ்வகை வாடகையைப் பரவலாக்கியது. தொலைவில் எங்கோ இருக்கும் இக்கணிப்பொறிக் கூட்டத்திற்கு மேகம் என்று பெயர். 2017 நவம்பரில் அமேசான் ‘சேஜ்மேக்கர்’ சேவையையும், 2021 மே மாதத்தில் கூகுள் ‘வெர்டெக்ஸ் ஏஐ’ சேவையையும் அறிவித்தன. மாதிரிகளைப் பழக்கவும் பணிக்கு அமர்த்தவும் ஏற்ற இடங்கள் இவை.

நன்கு அறிமுகமான நிரல்தொகுப்புகளுக்கு இந்நிறுவனங்கள் ஆயத்தப் பெட்டிகளை வைத்திருக்கின்றன. ஆனால் உலகின் எல்லாத் தேவைகளுக்கும் ஆயத்தப் பெட்டி இருக்க முடியுமா? எங்கள் மாணவரையே எடுத்துக்கொள்வோம். மூன்று அளவீடுகளை வாங்கி, ஒவ்வாததை நீக்கி, மற்றவற்றின் சராசரியைக் கண்ட பிறகே அவர் மாதிரியிடம் கேட்பார். இது ஆயத்தப் பெட்டியில் இல்லை. அப்போது நாமே பெட்டி செய்து அனுப்ப வேண்டும். இதுவே தனிக் கொள்கலன்.

கொள்கலனை அமைக்கும் விதம்

தனிக் கொள்கலன் செய்வது எப்படி? ‘டாக்கர்ஃபைல்’ என்ற ஒரு கோப்பில் சமையல் குறிப்பு எழுதுவதுபோல் எழுத வேண்டும். முதல் வரி, எந்த அடித்தளத்தின்மேல் கட்டுவது என்று சொல்லும். அடுத்த வரிகள், எந்தெந்த நிரல்தொகுப்புகளைச் சேர்ப்பது, நம்முடைய எந்தக் கோப்புகளை உள்ளே வைப்பது என்று சொல்லும். கடைசி வரி, பெட்டி திறந்தவுடன் எந்த நிரலை ஓட்டுவது என்பதைச் சொல்லும். இங்கே பதிப்பு எண்களைத் துல்லியமாக எழுத வேண்டும். ‘கிடைப்பதில் புதியது’ என்று எழுதினால், இன்று செய்த பெட்டியும் அடுத்த மாதம் செய்யும் பெட்டியும் ஒன்றாக இரா. ஆய்வகக் குறிப்பேட்டில் வேதிப்பொருளின் அளவை ‘கொஞ்சம்’ என்று எழுதுவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

இது உள்ளே உள்ள சுதந்திரம். வெளியே உள்ள ஒப்பந்தம் யாது? கப்பல் பெட்டிக்கு நான்கு மூலைப் பிடிகள் இருப்பதுபோல் கணிப்புப் பெட்டிக்கும் சில பிடிகள் உண்டு.

முதலாவது, வாயில். பெட்டிக்குள் ஒரு வலைச் சேவை நிரல் ஓடி, குறிப்பிட்ட எண்ணுள்ள வாயிலில் கேள்விக்காகக் காத்திருக்க வேண்டும். இரு நிறுவனங்களும் வழக்கமாக எதிர்பார்க்கும் எண் 8080. இங்கே பலர் ஒரு தவறு செய்வர். நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காது கொடுத்தால், பெட்டிக்குள்ளிருந்து வரும் குரலே அதற்குக் கேட்கும். வெளியிலிருந்து அழைத்தால் கேட்காது. எல்லாத் திசையிலும் கேள் என்று பொருள்படும் 0.0.0.0 என்ற முகவரியைத் தர வேண்டும்.

இரண்டாவது, நலம் விசாரித்தல். மேகத்தின் மேற்பார்வை நிரல் அடிக்கடி கதவைத் தட்டி, நலமா என்று கேட்கும். அமேசானில் இதற்கான பாதையின் பெயர் ‘பிங்’. 2 வினாடிக்குள் 200 என்ற எண்ணைப் பதிலாகத் தர வேண்டும். வலையுலகில் அவ்வெண்ணுக்கு எல்லாம் சரி என்று பொருள். பதில் வராவிட்டால் பெட்டி பழுது என்று கொள்ளப்படும். பெரிய மாதிரியை நினைவகத்தில் ஏற்றச் சில நிமிடங்கள் ஆகலாம். ஏற்றி முடிக்குமுன் நலம் என்று சொல்லிவிட்டால் கேள்விகள் வந்து குவிந்து தவறிப்போகும். ஆகவே ஆயத்தமான பிறகே நலம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கேள்வி-பதிலின் வடிவம். கூகுளின் சேவையில் கேள்விகள் ‘இன்ஸ்டன்சஸ்’ என்ற தலைப்பின்கீழ் ஒரு பட்டியலாக வரும்; விடைகளை ‘பிரெடிக்ஷன்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் அதே வரிசையில் திருப்ப வேண்டும். அமேசானில் கேள்வி ‘இன்வொகேஷன்ஸ்’ என்ற பாதையில் வரும்.

நான்காவது, மாதிரி இருக்கும் இடம். மாதிரியைப் பெட்டிக்குள்ளேயே அடைக்கலாம். அல்லது மேகத்தின் கிடங்கில் வைத்து, பெட்டி தொடங்கும்போது எடுத்துக்கொள்ளச் செய்யலாம். பின்னதில் மாதிரியை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியை மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கலாகாது. கொள்கலன் முழுக் கணிப்பொறி அன்று. கெர்னல் வெளியே இருக்கும் கணிப்பொறியுடையது. பெரிய மாதிரிகளுக்குத் தேவையான வரைகலைச் செயலியை இயக்கும் இயக்கி நிரலும் வெளியேதான் இருக்கிறது. உள்ளே உள்ள நிரல்தொகுப்பும் வெளியே உள்ள இயக்கியும் பொருந்தாவிட்டால் பெட்டி திறந்தும் பயன் இராது. எந்தப் பெட்டியும் தன் உலகம் முழுவதையும் சுமந்து செல்வதில்லை.

பச்சை விளக்கும் பொய் விடையும்

இனி எங்கள் மாணவரின் கதைக்குத் திரும்புவோம். இருவருமாக இரண்டு நாள் உழைத்துப் பெட்டியைச் செய்தோம். எங்கள் துறைக் கணிப்பொறியில் ஓடியது. வாடகை மேகத்திலும் ஓடியது. நலம் விசாரித்தால் 200 என்று பதில் வந்தது. திரையில் பச்சை விளக்கு. மாணவர் முகத்தில் மகிழ்ச்சி. அளவீடுகளை அனுப்பினார், விடை 28 டிகிரி என்று வந்தது. அறையின் வெப்பநிலையும் ஏறக்குறைய அதுதான். பெட்டி சரியாக வேலை செய்கிறது என்றே நாங்கள் நினைத்தோம்.

சிறிது நேரம் கழித்துத் தெர்மிஸ்டரைச் சுடுநீரில் வைத்தார். அப்போதும் விடை 28. நீர் கொதிக்கும் நிலையை நெருங்கியது. அப்போதும் 28!

காரணத்தைக் காண ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. மாதிரியைப் பழக்கியபோது குறிப்பேட்டில் மின்தடை கிலோ ஓமில் எழுதப்பட்டிருந்தது. மேகத்திற்குக் கேள்வி அனுப்பும் நிரலோ ஓமில் அனுப்பியது. 3.6 என்று போக வேண்டிய எண் 3,600 என்று போயிற்று. அவர் பயன்படுத்திய முறை தீர்மான மரம் எனப்படுவது. தான் கண்ட எல்லைக்கு அப்பாற்பட்ட எண் வந்தால் அது திகைத்து நிற்பதில்லை. எல்லையில் உள்ள விடையையே எடுத்துத் தரும். மின்தடை மிகுந்தால் வெப்பநிலை குறைவு. ஆகவே தான் பழகியவற்றுள் மிகக் குறைந்த வெப்பநிலையான 28-ஐயே அது எல்லாக் கேள்விக்கும் திருப்பிச் சொன்னது.

பெட்டியின் நான்கு மூலைகளும் சரி. வாயில் சரி, நலம் சரி, கேள்வியின் வடிவமும் சரி. விடை மட்டும் பொய். ‘நலமா?’ என்ற கேள்விக்கு நிரல் உயிரோடு இருக்கிறதா என்பதே பொருள். உண்மை சொல்கிறதா என்பது அன்று.

அலகு மாறிய தவறு சிறியவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. 1998 டிசம்பரில் செவ்வாய்க் கோளை நோக்கி நாசா அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற கலம் 1999 செப்டம்பர் 23 அன்று அழிந்தது. தரையில் இருந்த ஒரு நிரல் உந்துவிசையின் தாக்கத்தைப் பவுண்டு-விசை வினாடியில் தந்தது. மற்றொரு நிரல் அதனை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டிற்கும் இடையே 4.45 மடங்கு வேற்றுமை. எண் தவறாமல் போய்ச் சேர்ந்தது. அதன் பொருள் போய்ச் சேரவில்லை.

பெட்டியைத் திறக்கும் கடமை

மூடிய பெட்டிக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. 2021 டிசம்பரில் ‘லாக்ஃபோர்ஜே’ என்ற நிரல்தொகுப்பில் கொடிய ஓட்டை ஒன்று இருப்பது வெளிப்பட்டது. நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் மிகச் சாதாரணமான தொகுப்பு அது. ஆனால் எண்ணற்ற ஜாவா நிரல்களுக்குள் அது இருந்தது. தங்களிடம் அது இருக்கிறதா என்ற எளிய கேள்விக்கே பல நிறுவனங்களால் உடனே விடை சொல்ல இயலவில்லை. பெட்டிகள் மூடியிருந்தன, உள்ளடக்கப் பட்டியல் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கவலைப்படாமல் எடுத்துச் செல்லலாம் என்பதே கொள்கலனின் வசதி. அந்த வசதியே அன்று இடையூறாயிற்று. இப்போது பெட்டியுடன் உட்பொருள்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்பும் வழக்கம் வளர்ந்து வருகிறது. கப்பல் பெட்டிக்குச் சரக்குப் பட்டியல் இருப்பதுபோல் இதுவும் தேவையே.

கப்பல் கதையில் சொல்லாமல் விட்ட ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கொள்கலன் வந்ததும் மூட்டை தூக்கிய தொழிலாளர் பல்லாயிரவருக்கு வேலை போயிற்று. அமெரிக்க மேற்குக் கரைத் தொழிற்சங்கம் 1960-ல் முதலாளிகளுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. இயந்திரங்களை ஏற்பதற்கு ஈடாக இருக்கும் தொழிலாளருக்கு வேலை உறுதியும் ஓய்வுப் பணமும் பெற்றது. மற்ற பல துறைமுகங்களில் போராட்டங்கள் நீண்டன. டாக்கர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் துறைமுகத் தொழிலாளி என்றே பொருள். எவர் கையிலிருந்து கொள்கலன் வேலையைப் பறித்ததோ, அவர் பெயரையே கணிப்பொறிக் கொள்கலன் சூடிக்கொண்டது. அந்தத் தொழிலாளிக்கு ஒன்று தெரியும்: தன் தோளில் உள்ள மூட்டையில் இருப்பது என்ன, அது நனைந்திருக்கிறதா, நாறுகிறதா என்பது. பாரந்தூக்கிக்கு அது தெரியாது.

அந்த அறிவு இன்று யாரிடம் இருக்க வேண்டும்? பெட்டியைச் செய்பவரிடமும், அதன் விடையைப் பயன்படுத்துபவரிடமும்தான். எங்கள் மாணவர் இப்போது தம் பெட்டியில் இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறார். கேள்வியோடு அலகையும் எழுதி அனுப்பாவிட்டால் பெட்டி அதனை ஏற்காது. தான் பழகிய எல்லைக்கு வெளியே எண் வந்தால், எனக்குத் தெரியாது என்று திருப்பிச் சொல்லும். மேலும், நாள்தோறும் காலையில் பனிக்கட்டி கலந்த நீரிலும் கொதிநீரிலும் எடுத்த மின்தடைகளை அனுப்பி விடையைச் சரிபார்க்கிறார். இதற்காக அவ்விரு நிலைகளையும் சேர்த்து மாதிரியை மீண்டும் பழக்கினார். வெப்பமானியை அளவிட நம் முன்னோர் கைக்கொண்ட அதே இரண்டு புள்ளிகள் அவை.

இந்நாளில் கணிப்பொறியின் கணிப்புகள் நம் வாழ்வில் நுழைந்துவிட்டன. கடன் தரலாமா, படத்தில் நோய் தெரிகிறதா என்று எங்கோ ஒரு மேகத்தில் ஒரு மூடிய பெட்டி விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. அது நலமாக இருக்கிறது என்பது மட்டும் நமக்குப் போதாது. மாணவர்களே, நீங்கள் ஒரு நாள் இத்தகைய பெட்டிகளைச் செய்வீர்கள். அப்போது பச்சை விளக்கைக் கண்டு மகிழுங்கள். ஆனால் அதோடு நிற்காமல், விடை தெரிந்த கேள்வி ஒன்றையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள்.